முனிரத்தினம் மூச்சு வாங்கிய இடம்

வியன்னாவில் மதியம் ஒரு மணி ஆனால் பியானோவை மூடிவிட வேண்டும். மூன்று மணிவரை தொடக் கூடாது. இது சட்டமா சம்பிரதாயமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கீழ்வீட்டு ஃபிராவ் ஹெர்டாவுக்குத் தெரியும். அவள்தான் எங்கள் கட்டடத்தின் ஹவுஸ்மைஸ்டரின். மாடிப்படி கழுவுவது, தெருக்கதவைப் பூட்டுவது, குடியிருப்பவர்களை அதட்டுவது எல்லாம் அவள் வேலை. எதிரே இருக்கும் மாதாகோவிலில் மணி ஒன்று அடித்ததும், துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை, அதாவது என் காலடியை, டக் டக்கென்று தட்டுவாள். “மிட்டாக்ஸ்ரூஹே!” மதிய அமைதியாம். செத்துப்போன சங்கீத மேதைகளுக்குத் தெருவுக்குத் தெரு சிலை வைத்திருக்கும் ஊர் இது. உயிரோடு இருக்கிறவன் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தால் மட்டும் குற்றம். காலையில் ஒரு பாலே பள்ளியில் பெண்பிள்ளைகளின் பயிற்சிக்கு வாசிக்கிறேன். மாலையில் காபி ஹவுஸில் கேக் தின்கிறவர்களுக்கு வாசிக்கிறேன். சொந்தமாக ஏதாவது எழுத எனக்கு இருப்பது நடுப்பகல். அதிலும் பாதியைத் துடைப்பக் கட்டை தின்றுவிடுகிறது.

போன மாதம் அந்தக் காபி ஹவுஸுக்கு ஒரு வானொலிக்காரர் வந்தார். படித்த மனிதர், எல்லோரும் அவரை ஹெர் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்குக் கூட்டம் குறைவு. நான் என்னுடைய பழைய மெட்டு ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். காபியை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

“அற்புதம். இது எந்த மக்களுடைய பாட்டு?”

“என்னுடையது. நான் போட்டது.”

“தெரிகிறது, மிக அழகாக அமைத்திருக்கிறீர்கள். மூலப்பாட்டு எந்த மக்களுடையது என்று கேட்டேன்.”

“மூலமும் நான்தான்.”

அவர் அன்பாகச் சிரித்தார். அடக்கம் மிகுந்த கீழை நாட்டுக்காரன், தன் ஜனங்களையெல்லாம் சேர்த்து ‘நான்’ என்கிறான் என்று நினைத்துக்கொண்டார் போலும். இரண்டாம் அடி தொடங்குவதற்கு முன் அரைத் தாளம் நிற்கிறதே, அந்த இடறல் பழங்குடிப் பாட்டுகளில் மட்டுமே வரும் என்று எனக்கே பாடம் எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐயா, அந்த அரைத் தாளம் பழங்குடியும் இல்லை, புதுக்குடியும் இல்லை. அது புத்தூர் அரிசிக்கடை முனிரத்தினத்தின் மூச்சு இரைப்பு.

எங்கள் நைனா, அதாவது அப்பா, நகரியில் தறி நெய்தவர். நான் புத்தூரில் ஒரு மிஷன் பள்ளியில் படித்தேன், அங்கேயே பியானோ கற்றேன், படிப்பு முடிந்ததும் அங்கேயே பிரார்த்தனைக்கும் அணிவகுப்புக்கும் வாசிக்கிற வேலையில் சேர்ந்தேன். கல்யாண வீடுகளில் ஆர்மோனியமும் வாசிப்பேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்வீடு தமிழ் பேசினால் மாப்பிள்ளை வீடு தெலுங்கு பேசும். ஊஞ்சல் பாட்டில் ஒரு அடி தமிழில் இவர்கள் பாட, அதே மெட்டில் அடுத்த அடியைத் தெலுங்கில் அவர்கள் பாடுவார்கள். மெட்டு யாருடையது என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. ஆர்மோனியக்காரனுடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆந்திரம் தனி மாநிலம் ஆனதும் எல்லைத் தகராறு வந்தது. சித்தூரும் புத்தூரும் திருத்தணியும் மதராஸுக்கா ஆந்திரத்துக்கா என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. தமிழ்க் கட்சிக்கு முனிரத்தினம் தலைவர். ஒருநாள் கடைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்:

“ஊர்வலத்துக்கு ஒரு மெட்டு போட்டுக் குடு தம்பி. ஜனங்க நடந்துக்கினே பாடணும். எனக்கு ரெண்டு அடி சேர்ந்தாப்ல பாடினா மூச்சு வாங்குது, அதையும் பாத்துக்கினு போடு.”

போட்டேன். முதல் அடி முடிந்ததும் அவர் மூச்சு வாங்குவதற்கென்றே அரைத் தாளம் இடம் விட்டேன். ஊர் முழுக்க அதைப் பாடிற்று. அடுத்த வாரம் தெலுங்குக் கட்சியின் வெங்கடேசுலு மாஸ்டர் வந்தார். முனிரத்தினத்தோடு தினமும் ஒரே கடையில் காபி குடிக்கிறவர். “மாக்கு கூடா ஆ மெட்டே காவாலி தம்முடு” என்றார். எங்களுக்கும் அதே மெட்டுதான் வேண்டும் என்று அவர் கேட்டது எனக்குத் துளியும் வித்தியாசமாகப் படவில்லை. கல்யாணத்தில் செய்வதுதானே. தெலுங்குச் சொல்லுக்கு ஏற்றாற்போல் இரண்டு இடம் திருத்திக் கொடுத்தேன். அரைத் தாளத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

ரயில்வே கேட்டில் வந்தது வினை. ஊர்வலம் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து, மூடிய கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றன. நடுவில் கூட்ஸ் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. ஆள் தெரியவில்லை, பாட்டு மட்டும் கேட்டது. தங்கள் பாட்டை அவர்கள் கிண்டல் செய்கிறார்கள் என்று இவர்களும், இவர்கள்தான் என்று அவர்களும் கொதித்துப்போனார்கள். வண்டி போய்க் கேட் திறந்ததும் யாரோ என் பெயரைச் சொன்னார்கள். அத்தனை வருஷ எல்லைத் தகராறில் இரண்டு கட்சியும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம், சேர்ந்து என் வீட்டு வாசலுக்கு வந்ததுதான்.

“தமிழ்ப் பாட்டுதான்னு இவனுங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுடா” என்று முனிரத்தினம் கத்தினார். “தெலுகு பாட்டனி செப்பரா” என்று வெங்கடேசுலு மாஸ்டர் கையை ஓங்கினார். “ரெண்டும் இல்ல. இது என் பாட்டு” என்றேன். அன்றைக்கு என் எலும்பு ஏதாவது முறிந்திருந்தால் வேறு ஊருக்குத் தூக்கிப்போக வேண்டியிருந்திருக்காது, கட்டுப் போடுவதற்குப் பேர்போன ஊர் அது. முறியவிடாமல் நடுவில் வந்து நின்றவர், அன்றைக்கு என்னைப் பார்க்க வந்திருந்த நைனா.

“கல்யாணத்துல ரெண்டு பாஷையிலயும்தான் பாடிக்கினு கீறோம். அப்போ எவனும் கேக்கல. இப்போ இன்னாத்துக்குடா கேக்கறீங்கோ?”

முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் கலைந்தது. ஆனால் மறுநாள் பள்ளியில் பியானோவைப் பூட்டிவிட்டார்கள். விவகாரம் ஓயட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியர். விவகாரமும் ஓய்ந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, சித்தூரும் புத்தூரும் நகரியும் ஆந்திரத்திலேயே நின்றன. பூட்டு மட்டும் திறக்கவில்லை. திருப்பதிக்குப் போய் ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியார் வேலை கேட்டேன். என் எதிரிலேயே ‘அரவவாடு’ என்று பேசிக்கொண்டார்கள், அதாவது தமிழன். மதராஸுக்குப் போய் சினிமா ஸ்டுடியோவில் பியானோ வாசித்தேன். அங்கே நான் ‘கொல்ட்டி’, அதாவது தெலுங்கன். முனிரத்தினமும் மாஸ்டரும் மறுபடி ஒரே கடையில் காபி குடிக்கிறார்கள் என்று நைனா வந்தபோது சொன்னார். சண்டை போட்டவர்கள் சேர்ந்துகொண்டார்கள், சேர்த்துப் பாடியவன்தான் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது. ஐரோப்பாவுக்குக் கிளம்பிய ஒரு நாட்டியக் குழுவோடு நானும் கப்பலேறினேன். குழு திரும்பிப் போயிற்று, நான் போகவில்லை.

இந்தக் கதையையெல்லாம் ஹெர் டாக்டருக்கு எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், தன் வானொலி நிகழ்ச்சியில் அந்த மெட்டை வாசிக்கக் கூப்பிட்டார். நிகழ்ச்சியில் என் பெயரை இயற்றியவர் என்று சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை என்றேன். “நிச்சயமாக” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

போன செவ்வாய்க்கிழமை முற்பகல், நேரடி ஒலிபரப்பு. கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அறிவிப்பாளர் குழைவான குரலில் சொன்னார்: “அடுத்து ஓர் இந்திய நாட்டுப்பாடல். இயற்றியவர் தெரியவில்லை.” அதற்குப் பிறகு, வாசிப்பவன் என்று என் பெயர்.

இயற்றியவன் அவர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெர் டாக்டர் புன்னகையோடு கையசைத்தார், தொடங்கச் சொல்லி. ஒருவன் தமிழ் என்றான், ஒருவன் தெலுங்கு என்றான், இவர்கள் யாரோ என்றே சொல்லிவிட்டார்கள். பியானோ மூடியை இறக்கினேன். மைக் அந்தச் சத்தத்தை நன்றாகவே வாங்கியிருக்கும். எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்த வானொலி இனி என்னைக் கூப்பிடாது. கூப்பிட்டாலும் போகமாட்டேன்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கதவு தட்டும் சத்தம். ஃபிராவ் ஹெர்டா. கையில் துடைப்பம் இல்லை.

“ரேடியோவில் உங்கள் பெயரைச் சொன்னார்கள். அப்புறம் ஒரு தட்டு, அதோடு ஒன்றும் கேட்கவில்லை. என் பெட்டிதான் கெட்டுவிட்டதோ என்று குலுக்கிப் பார்த்தேன். ஏன் வாசிக்கவில்லை?”

“பாட்டு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியவில்லையாம்.”

“யாருடையது?”

“என்னுடையது.”

“அப்படியானால் வாசியுங்கள்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மறுபேச்சே இல்லை. அந்தச் சொல்லுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்! முன்னிசையை நீட்டி வாசித்தேன். கோபத்தில் விரல் கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. பிறகு, கல்யாண வீட்டில் செய்வதைப்போல, முதல் அடியைத் தமிழில் வாய்விட்டுப் பாடினேன். பாடி முடித்து, முனிரத்தினம் மூச்சு வாங்குகிற அந்த அரைத் தாளத்தில் கையைத் தூக்கினேன். அடுத்த அடி தெலுங்கு. அது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

மாதாகோவில் மணி ஒன்று அடித்தது.

ஃபிராவ் ஹெர்டா எழுந்தாள். முகத்தில் வருத்தம் இருந்தது, நிஜமான வருத்தம். ஆனாலும் விரலை உதட்டில் வைத்து, பியானோ மூடியைத் தானே மெல்ல இறக்கிவிட்டுப் போனாள். நான் தூக்கிய கையோடு உட்கார்ந்திருந்தேன். தமிழ் அடி முடிந்துவிட்டது, தெலுங்கு அடி தொடங்கவில்லை. மூன்று மணி ஆக வேண்டும்.