வெள்ளைச் சாக்ஸ் போட்ட செலாடாங்

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. அதற்கு வேண்டிய கற்பனை அவரிடம் கிடையாது. அதனால்தான் கல்யாணமான புதிதில், பாலிங் பக்கம் லோரி ஓட்டிப் போனவர் ரப்பர் தோட்டத்து எல்லையில் செலாடாங்கைப் பார்த்தேன் என்று சொன்னபோது நான் உடனே நம்பினேன். செலாடாங் என்றால் காட்டுமாடு. மலை மாதிரி கறுத்த உடம்பு, நாலு காலிலும் முட்டி வரை வெள்ளை.

என் அண்ணன் நம்பவில்லை.

"வெள்ளைச் சாக்ஸ் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்கா போச்சு? அது தோட்டத்துல வேலை வாங்குற மண்டோர் வீட்டுக் கறுப்பு மாடு, மாப்பிள."

அன்றிலிருந்து கல்யாணம், காதுகுத்து, கருமாதி எங்கே பார்த்தாலும் "செலாடாங் சௌக்கியமா?" என்பான். கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். "செலாடாங் படம் இல்லாம அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்லா" என்று இவர் சொல்லிவிட்டார். மாமன் வராத கல்யாணத்துக்கு நான் மட்டும் எந்த முகத்தோடு போவது? கூலிம் ஹைடெக் ஃபேக்டரியில் என்னோடு வேலை செய்கிறவளிடம் நீள லென்ஸ் வைத்த கேமராவை இரவல் வாங்கினேன். சிக் ஊருக்குப் பக்கத்து அணையிலிருந்து படகேறி, உலு மூடா காட்டுக்குள் போனோம்.

விலங்குகள் உப்பு மண்ணை நக்க வரும் ஒரு சேற்றுத் திட்டு. அதன் எதிரே பரண். வழிகாட்டியாக வந்த மலாய்க்காரப் பெரியவர் சாயங்காலம் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார். இவர் முட்டிக்குத் தைலம் தேய்த்திருந்தார். இந்த வாடைக்கு மூன்று மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாடுகூட ஓடிவிடும் என்று சொல்லி, பெரியவர் இவரை ஆற்றுக்கு அனுப்பிக் குளிக்க வைத்தார். அன்று ராத்திரி ஒன்றும் வரவில்லை. குளிரில் முட்டி வலிக்கிறது என்று விடிய விடிய இவர் என்னிடம் புலம்பினார். நான் என்ன செய்ய, குளிக்கச் சொன்னது நானா?

விடியும் நேரம் பெரியவர் "டியாம், டியாம்" என்று கையமர்த்தினார். மூச்சை அடக்கிக்கொண்டோம். மரங்களுக்கிடையே இருட்டு மட்டும் அசைந்து வந்தது. பிறகு கொம்பு. பிறகு, ஐயோ, அந்த வெள்ளைக் கால்கள். துவைத்து நீலம் போட்டது மாதிரி அவ்வளவு சுத்தம். நான் கேமரா பட்டனை அமுக்கினேன். இரண்டாவது தடவை அமுக்குவதற்குள் அது திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது.

கேமராவில் படத்தைப் பார்த்தேன். பரணின் முன் மூலையில் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த இவர் முகத்தைத்தான் லென்ஸ் தெளிவாகப் பிடித்திருந்தது. பின்னால் கறுப்பாக ஒரு மொத்தை. கால் இருக்க வேண்டிய இடத்தில் பரணின் குறுக்குக் கட்டை. இவர் பார்த்துவிட்டுக் கேமராவைப் பையில் போட்டு மூடினார்.

மறுநாள் அந்தப் படத்தை என் போனில் எடுத்துக்கொண்டு, நான் தனியாக அண்ணன் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அண்ணன் கோயில் கமிட்டியில் இருப்பவன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினான்.

"இது மாடா, லோரியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் விரல் படத்தில் இவர் முகத்துக்கு நகர்ந்தது. அங்கேயே நின்றது.

"தீபாராதனை காட்டுறப்பகூட இந்த மனுசன் வெளிய செருப்புக்குக் காவல் நிப்பாரே" என்றான் மெதுவாக.

அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். எந்தச் சாமிக்கும் கை தூக்காத என் வீட்டுக்காரர், வாய் பிளந்து, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் என் போனிலேயே அவரைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்பிள, நான்தான். அந்த வெள்ளை... காலு முழுக்கவா, முட்டி வரைக்குமா?"

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"முட்டி வரைக்கும்தான் மச்சான்" என்றார். "அன்னைக்கும் அப்படித்தான் இருந்துச்சு."