பை இல்லாத பணம்

மண்ணெண்ணெய்க்குக் காசு கேட்டால் இன்னாசி முதலில் கோட்டை மாட்டிக்கொள்வார். சித்திரை வெயிலானாலும் சரிதான். ஆணியில் தொங்கும் பட்டாளத்துக் கோட்டை எடுத்து உதறி, கழுத்துப் பித்தான்வரை போட்டுக்கொண்டு, அப்புறம்தான் கீழ்ப் பையில் விரலை விடுவார். மனைவி அன்னாமேரி அதுவரை புட்டியும் கையுமாக நிற்க வேண்டும். "தொங்குற கோட்டுல கை வுட்டா அது திருட்டு. போட்டுக்கினு எடுத்தா செலவு" என்பது அவர் சட்டம்.

வில்லியனூரை அடுத்த அந்த ஊரில் 'சொல்தா' வீடு எது என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய்; இன்னாசி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து வியட்நாமில் சைகோன்வரை போய்வந்தவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுச்சேரிக்கு பஸ் ஏறி பென்சன் வாங்கி வருவார். வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பைக்குப் பை பிரித்துப் போடுவார். இடது மேல் பை அரிசிக்கு. வலது மேல் பை கோயில் வரிக்கும் நல்லது கெட்டதுக்கும். கீழ்ப் பைகளில் சில்லறைச் செலவு, உள்பையில் அடகுக்கடை வட்டி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் அளந்து போட்டுவிட்டுக் கரையில் காவலும் இருப்பார். அரிசிப் பை காலியானால் மறு பென்சன்வரை கேழ்வரகுதான். பக்கத்துப் பையில் பணம் இருக்கிறதே என்று யாரும் வாய் திறக்கக் கூடாது.

அடகில் இருப்பது அன்னாமேரியின் சங்கிலி. பெரிய மகளின் தலைப்பிரசவம் சிக்கலானபோது கழற்றிக் கொடுத்தது. உள்பைப் பணம் வட்டிக்கே சரியாகிவிடும்; அசல் இடித்த புளிபோல அப்படியே இருக்கும். மார்கழிக்குள் மீட்காவிட்டால் நகை மூழ்கிவிடும் என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டு, கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

இந்த நிலையில்தான் போன வைகாசியில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டீக்கடை ரேடியோவில் ரூபாய் விழுந்தது, விழுந்தது என்று கேட்டுக் கேட்டு, பென்சனும் பாதியாகத்தான் வரும் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஆடியில் பென்சன் வாங்கப் போனார் மனிதர். கையில் கொடுத்ததோ ஒன்றரைப் பங்கு. வாங்கியவர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். சந்தோஷத்தில் அல்ல, பயத்தில். சைகோனில் ஒரு தடவை சம்பளம் தவறுதலாகக் கூட வந்து, அதை அவர் செலவழித்துவிட, ஆறு மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஆறு மாதமும் ஊரில் தாய்க்கு ஒரு பைசா அனுப்ப முடியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் சோற்றில் கை நின்றுவிடும்.

எனவே கூட வந்த பணத்துக்குக் கோட்டில் பை கிடைக்கவில்லை. ஒரு கம்பளிக் காலுறைக்குள் போட்டுக் கட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார். ஐப்பசியிலும் அதே போலக் கூட வந்தது. அதுவும் காலுறைக்குள் போயிற்று. இரண்டையும் சேர்த்தால் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். அன்னாமேரி வாய்விட்டே கேட்டாள்: "வெண்ணெய வூட்ல வெச்சிக்கினு நெய்க்கு அலையறது இன்னா கணக்கு?"

"அது நம்முது இல்ல" என்றார்.

திருப்பிக் கொடுத்துவிடுவது என்று காலுறையோடு மறுபடி பஸ் ஏறினார். பென்சன் ஆபீஸ் குமாஸ்தா சிரிக்கவில்லை, பொறுமையாகவே சொன்னார். பிரான்சிலிருந்து வரும் பிராங்க் அதே பிராங்க்தான், முன்பு ஒரு பிராங்குக்கு முழு ரூபாய்கூட வராது, இப்போது ஒன்றரை ரூபாய் வருகிறது, அவ்வளவே.

"ரூபா வுழுந்துட்டுதுன்னு சொல்றாங்க, முசியே. வுழுந்தா எனக்கு எப்படி ஏறும்?"

"வுழுந்ததாலதான் பெரியவரே ஏறுது."

இதைக் கேட்டபின் இருந்த தெளிவும் போய்விட்டது. பஸ்ஸில் வரும்போது ஒரு கையை மேலேயும் மறுகையைக் கீழேயும் வைத்து, எது ரூபாய், எது பிராங்க் என்று பார்த்துக்கொண்டே வந்தார். வில்லியனூர் போனதுகூடத் தெரியாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தார். பாவம், பட்டாளத்தில் குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றாவது தெரிந்திருக்கும்.

மார்கழியில் அன்னாமேரி கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் அவரைக் குடைந்தது. ஒருநாள் காலை, யாரிடமும் சொல்லாமல் காலுறையை எடுத்துக்கொண்டு போய்ச் சங்கிலியோடு திரும்பினார். அவள் கையில் வைத்து, இது செலவு இல்லை என்று விளக்கினார். "துட்ட இடம் மாத்தி வெச்சிருக்கேன். துட்டா இருந்தா கரைஞ்சிடும். நகையா இருந்தா, கேட்டு வந்தா அப்படியே குடுத்துடலாம்."

அவள் சங்கிலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "யார் வூட்டு நகையா வேணா இருக்கட்டும். என் கழுத்துல கெடக்கட்டும்" என்றாள்.

அன்று முதல் அவருக்குத் தூக்கம் குறைவு. தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும் ஜீப் உறுமினாலும் கண் அவள் கழுத்துக்குப் போய்விடுகிறது. போன வாரம் மலேரியா மருந்தடிக்கிற ஆள், வீட்டுச் சுவர்களில் வந்துபோன தேதி எழுத, காக்கி உடுப்பும் தோள் பையுமாகத் தெருவில் வந்தார். அன்னாமேரி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சங்கிலி வெளியே கிடந்து மின்னியது. இன்னாசிக்குக் காக்கி மட்டும்தான் கண்ணில் பட்டது. நாலு பேர் பார்க்க மனைவியின் பக்கத்தில்கூட நின்றறியாத அந்த மனிதர், எழுந்து வந்து, அவள் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தி, நுனியை அவள் கையிலேயே கொடுத்து, அந்தக் கையை இறுக மூடிப் பிடித்தார்.