ஏழாம் நம்பர் பெட்டி

திருமங்கலம் தாண்டி, நெடுஞ்சாலையோரப் பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டினத்தின் முன் நிற்கிறேன். மனைவியும் மகளும் ஏழாம் நம்பர் பெட்டியில் ஏறிவிட்டார்கள். கம்பியெல்லாம் புது பெயின்ட். அதுதான் எனக்குச் சந்தேகம்; உள்ளே எவ்வளவு துருவோ.

ராட்டினம் சுற்றுபவரிடம் கேட்கிறேன்: "அண்ணே, இதையெல்லாம் செக் பண்ணுவீங்களா?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீக? தெனமும் காலைல எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுட்டு, மொத ஆளா நாந்தேன் ஏறுவேன். மூணு சுத்து சுத்திப் பாத்துட்டுத்தேன் சனத்தை ஏத்துவோம்."

கொஞ்சம் மூச்சு வருகிறது. "எந்தப் பெட்டியில ஏறுவீங்க?"

"எப்பவும் ஒண்ணாம் நம்பர்தேன். அது ராசியான பெட்டிண்ணே" என்றபடி பொத்தானை அழுத்துகிறார்.

ஏழாம் நம்பர் மேலே போகிறது. மகள் கம்பியிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு எனக்கு டாட்டா காட்டுகிறாள்.