மாங்கூழும் நைட்ரஜன் மெஷினும்

மாம்பழக் கூழில் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று சொல்வதுதான் எங்கள் வேலை. திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடியில் நடந்த தனியார் சோதனைக்கூடம். சித்தூர்ப் பக்கத்துக் கூழ் ஃபேக்டரிகள் வெளிநாட்டுக்கு டின் அனுப்பத் தொடங்கிய பிறகு முளைத்தது. என்னோடு எம்.எஸ்ஸி. முடித்தவர்கள் ஹைதராபாத், பெங்களூர் என்று போய்விட்டார்கள். நான் இங்கேயே சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் விஜயபுரம் பக்கம் அடுத்தவர் மாந்தோப்புகளில் கூலிக்கு மருந்து அடிப்பவர். அவர் அடிப்பதை நான் அளக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை. என் கையெழுத்துக்கு மேலே வருகிற எண் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் அந்த வேலையிடம் கேட்டது.

கூழை ஒரு கரைப்பானில் போட்டுக் குலுக்கினால் மருந்து அதில் இறங்கிவிடும். பிறகு கரைப்பானை விரட்ட வேண்டும். கண்ணாடிக் குழாயை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நிறுத்தி, மேலே நைட்ரஜனை மெல்ல ஊதினால் அது ஆவியாகிப் போகும். அடியில் மிஞ்சுவதைத்தான் அளப்போம். சிலிண்டரிலிருந்து ஒரு ரப்பர் டியூபை இழுத்து, முனையில் பிப்பெட் செருகி, ஒவ்வொரு குழாயாக ஊதிக்கொண்டிருந்தோம். தோத்தாபுரி மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் மாதிரி டப்பாக்கள் ஐஸ் பெட்டிகளில் மாடிப்படி வரை நிற்கும்.

முதலாளி ஒருநாள் கூப்பிட்டார்.

"இப்பிடி ஒண்ணொண்ணா ஊதிகினு இருந்தா சீசனே முடிஞ்சிடும்பா. மெஷின் வாங்கலாம். எதை வாங்கறதுன்னு நீயே பாத்துச் சொல்லு. நீதான படிச்சவன்."

அதற்கு முன் யாரும் எதையும் என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. புத்தூர், நகரி வழியாகப் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய், விற்பவர்களின் கடையில் இரண்டு மெஷின்களை ஓடவிட்டுப் பார்த்தேன். சின்னது வட்டமானது. பன்னிரண்டு குழாய் நிற்கும், வாயு ஊதும் ஒவ்வொரு ஊசிக்கும் தனித் திருகு. எது காய வருகிறதோ அதை மட்டும் நிறுத்தி எடுத்துக்கொள்ளலாம். பெரியது பெட்டி மாதிரி. நாற்பத்தெட்டுக் குழாய்க்கும் ஒரே திருகு. கடைசிக் குழாய் காய்கிறவரை, முதலில் காய்ந்ததன் மேலும் வாயு ஊதிக்கொண்டே இருக்கும். வேறு சோதனைகளுக்கு அது நல்ல மெஷின்தான். எங்களுக்கு ஆகாது. மாந்தோப்புகளில் அடிக்கிற டைக்ளோர்வாஸ் லேசில் பறந்துவிடக்கூடியது. கடைசிச் சொட்டு இருக்கும்போதே ஊதுவதை நிறுத்தாவிட்டால், கரைப்பானோடு அதுவும் போய்விடும்.

இதையெல்லாம் முதலாளியிடம் படம் போட்டு விளக்கினேன். வழக்கமாக நான் பேசும்போது செல்போனைப் பார்ப்பவர், அன்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இரு இரு. பெருசுல போட்டா அந்த மருந்து காட்டாதா?"

"பாதிகூட காட்டாது சார். சில தடவை சுத்தமா காட்டாது. அதனாலதான் வேணாம்ங்கறேன்."

"மெஷின் மேல தப்பு ஒண்ணும் இல்லையே? பேர் பெத்த கம்பெனிதான?"

"நல்ல கம்பெனிதான் சார். நம்ம வேலைக்குத்தான்..."

"புரிஞ்சிதுபா. நல்லா சொன்ன."

பெரியது வந்து இறங்கியது.

கூட வேலை பார்த்த தெலுங்கு அக்கா பெட்டியைப் பிரிக்கும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "ஏமி தம்பி, கமிஷன் உனக்குத்தான் குடுக்கணும். இவ்ளோ பாகா, நல்லா, எவன் வித்திருப்பான்?"

அந்த சீசனில் வந்த கூழிலெல்லாம் டைக்ளோர்வாஸ் இல்லை என்றே வந்தது. வேறு சோதனைக்கூடங்களுக்குப் போய்க்கொண்டிருந்த ஃபேக்டரிகளும் எங்களிடம் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். நைனா மருந்து வாடை அடிக்கும் சட்டையைக் கழற்றி வேலிமேல் போட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம பக்கத்துக் காய்ல எவ்ளோ வந்துதுடா?"

"ஒண்ணும் இல்லன்னுதான் வந்துகினு கீது நைனா."

"அப்ப சரி. இந்த வாட்டி கொஞ்சம் தூக்கலா கலந்துட்டேனோன்னு பயந்துகினு இருந்தேன். வா, துன்னலாம்."

திங்கட்கிழமை, இல்லை என்று வந்த அதே கூழைப் பழைய ரப்பர் டியூபில் ஊதி, கடைசிச் சொட்டில் நிறுத்தி அளந்தேன். இருந்தது. வாங்குகிற நாட்டுக்காரன் அனுமதிப்பதைவிட நிறையவே இருந்தது. முதலாளியிடம் எடுத்துப் போனேன்.

"ரெண்டும் நீ பண்ணதுதான? கையால ஊதனதை நம்பறதா, இவ்ளோ பெரிய மெஷினை நம்பறதா?"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

அவர் கோபப்படவே இல்லை. "வேணாம்பா. நீ தண்ணி செக்ஷனுக்குப் போயிடு."

மறுநாள் ரப்பர் டியூபைக் காணவில்லை. வேறொருவன் கையெழுத்துப் போட்டான். நான் போர்வெல் தண்ணீரில் உப்புப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் சீறிக்கொண்டிருந்தது.

வெளிநாட்டில் கூழ் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒருவர் சோதனைக்கூடத்தைப் பார்க்க வந்தபோது, படித்தவன் என்று, விளக்கிச் சொல்ல முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார். நாற்பத்தெட்டுக் குழாயும் ஒன்றாகக் காய்வதை அந்த மனிதர் குனிந்து பார்த்துவிட்டு, இதைத் தேர்ந்தெடுத்தது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்கள் பையன்தான்" என்று முதலாளி என் தோளில் கை போட்டார்.

இத்தனை நாள் காத்திருந்த கேள்வி. "நான் இதைச் சொல்லவில்லை. சின்ன மெஷினைத்தான் வாங்கச் சொன்னேன்" என்றேன்.

வந்தவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பையன் சிக்கனமாகக் கேட்டிருக்கிறான், நீங்கள் தாராளமாக வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். இப்படி ஒரு முதலாளி எல்லாருக்கும் கிடைக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். ஏன் சின்னது என்று அவர் கேட்கவில்லை. நான் அடுத்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் கோத்து முடிப்பதற்குள், முதலாளி அவரைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த நாற்பத்தெட்டை அடுக்கத் தொடங்கினாள்.