தெருமுனை வரை தள்ளிய பைக்

நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவர் கப்பலூரில் வெல்டர். பழைய குரூசர் பைக் ஒன்றை வாங்கி, ஹேண்டில்பாரைத் தானே குழாய் வளைத்துச் செய்தார். மிச்சம் பிடித்த காசெல்லாம் இடிமுழக்கமாய்ச் சத்தம் போடும் சைலன்சருக்குப் போனது.

ஆனால் தினமும் காலையில் வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டுதான் போவார்.

"ஸ்டார்ட் ஆகலையாண்ணே?" என்று ஒருநாள் கைகொடுக்கப் போனேன்.

"அதெல்லாம் ஒரே அமுக்குல ஆகும். உங்கப்பா முடியாம படுத்திருக்காகள்ல" என்றார், மூச்சிரைக்க.

அப்பாவிடம் சொன்னேன். "முனையில கேக்குற அந்தச் சத்தத்துக்குத்தான்டா முழிச்சே கெடக்கேன். இங்கயே ஸ்டார்ட் பண்ணச் சொல்லு" என்றார்.

நான் போய்ச் சொன்னேன். மறுநாளும் அவர் தள்ளிக்கொண்டுதான் வந்தார். அப்பாவின் ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, டேங்க்கை ஒருமுறை துடைத்துவிட்டு, சாவியைத் திருப்பினார்.