நிலத்தோடு போகாத ஆள்

குவைத்துக்குள் ஈராக் புகுந்துவிட்டது என்பதை டீக்கடை ரேடியோவில்தான் கேட்டோம். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு ஷேக்கிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அதன்பிறகு போனும் இல்லை, தந்தியும் இல்லை. ஆவணி பிறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தும் எங்கள் வயலில் நாற்று விடவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்ற ஒரே கவலை.

என் மாமனாருக்கோ வேறு கவலை. "நாடே கைமாறிடுச்சுங்கிறாங்களே, அப்ப அவன் இப்ப யாரு ஆளு?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவரு யாரு ஆளும் இல்ல மாமா. வேலைக்குப் போனவரு."

"நானும் வேலைக்குத்தானே இருந்தேன்?"

அவர் பண்ணையாளாக இருந்தவர். அந்தக் காலத்தில் மிராசுதார் நிலத்தை விற்றால் மாடு கன்றோடு பண்ணையாளும் வாங்கியவர் பக்கம் போய்விடுவாராம். அவரே அப்படிக் கைமாறியவர்தான். கொடி பிடித்து, அடி வாங்கி, நில உச்சவரம்புச் சட்டத்தில் ஒரு துண்டு நிலம் அவர் பேருக்கே பட்டா ஆனபிறகும் அந்தப் பயம் மட்டும் போகவில்லை. மகனுடைய பாஸ்போர்ட் ஷேக்கிடம் இருக்கிறது என்று நான் வாய்தவறிச் சொன்னதும், "பாத்தியா, பாத்தியா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

வளைகுடாவில் இருப்பவர்களின் பெயரைக் கொடுக்கச் சொன்னார்கள் என்று தஞ்சாவூருக்குப் போனோம். கலெக்டர் ஆபீசில் என் முறை வந்தபோது பார்க்கிறேன், மாமனார் மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து மேசையில் வைக்கிறார்! பண்ணையை விட்டு விலக வேண்டுமானால் மிராசுதார் முன்னால் அப்படி வைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். துண்டும் இடுப்பில்தான் இருந்தது. "ஐயா, புது எசமான் யாருன்னு சொல்லுங்க. நானே போயி புள்ளைய கேட்டுக்கிறேன்."

"மொதல்ல துண்டத் தோள்ல போடுங்க மாமா!" என்று அங்கேயே கத்திவிட்டேன். கத்தியபின் அழுகை வந்துவிட்டது. குமாஸ்தா நல்ல மனிதர், சிரிக்கவில்லை. "பெரியவரே, பிளேன் விடுறாங்க. ஒவ்வொருத்தரா வந்துக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போதே, "நாத்து விட்ருவோம் மாமா, வர்றவருக்குச் சோறு வேணும்ல" என்றேன். மறுநாள் விதையை ஊறவைத்தோம்.

நாற்றுப் பறிக்கும்போது என் வீட்டுக்காரர் வந்து வரப்பில் நின்றார், தாடியும் ஒரு ரெக்சின் பையுமாக. நான் சேற்றுக் கையோடு ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டேன். ஊர் பார்த்தால் பார்க்கட்டும்!

மாமனார் "சாப்பிட்டியா" என்றுகூடக் கேட்கவில்லை. "யாருகிட்ட கேட்டுக்கிட்டு வந்த?" என்றார்.

"யாருகிட்டப்பா கேக்கறது? ஷேக்கு எனக்கு முந்தியே சவுதிக்கு ஓடிட்டாரு. ஜோர்டானுக்கு பஸ் கெளம்புச்சு, ஏறிட்டேன்."

"எசமான் ஓடிட்டானா?"

"ஆமாப்பா."

"ஒன்ன யாரும் மறிக்கலயா? நீயா வந்துட்டியா?"

"நானாத்தான் வந்தேன்."

மாமனார் கையிலிருந்த நாற்றுமுடியைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னொருக்கா சொல்லு" என்றார்.