கூட்டத்தை விட்டுத் தள்ளிக் குளித்த நாள்

என்னைப் போல் தனித்துப்போன பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு வந்த முதல் ஆடிப்பெருக்குக்கு, திருச்செங்கோட்டிலிருந்து தனியாக பஸ் ஏறி, பரமத்தி வேலூர் காவிரிக்குப் போனேன். ஆற்றை நெருங்க நெருங்க வாய்க்கால்கள்தான். ஓரிடத்தில் பெண்கள் துணி துவைத்தார்கள். இன்னோரிடத்தில் ஒருவர் எருமையைத் தேய்த்துக் குளிப்பாட்டினார். பார்த்துக்கொண்டே போனதில் மனது கொஞ்சம் ஆறியது.

படித்துறையில் புதுப்பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் குளித்த தண்ணீர் அவர்கள் மேல் படக்கூடாதே என்று, ஆறு போகிற திசையில் வெகுதூரம் தள்ளிப் போய் இறங்கினேன். இரண்டாவது அடியிலேயே காலடி மணல் சரிந்து, குழிக்குள் போய்விட்டேன். கத்துவதற்குள் தண்ணீர் வாய்க்குள் போய்விட்டது.

என் முடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தது, நான் தனியாகப் போவதைப் பார்த்துப் பின்தொடர்ந்து வந்த ஒரு புதுப்பெண். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு நனைந்து ஒட்டியிருந்தது. அவள் மாமியார் பின்னாலேயே ஓடி வந்து, "ஏனுங்க அம்மாயி, இத்தன பேரு குளிக்கற எடத்த உட்டுப்போட்டு, மீன் புடிக்கவா அங்க போனீங்க?" என்று சத்தம் போட்டார்.

"கூச்சமுங்க" என்றேன்.

அந்தப் பெண் என் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். தன் துண்டால் என் தலையைத் துவட்டிவிட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போதெல்லாம் கூட்டத்தோடுதான் இறங்குகிறேன். போன ஆடியில் வெறுங்கழுத்தோடு ஒரு பெண் தனியாகத் தள்ளிப் போனாள். "இங்க வா சாமி, அங்க குழியிருக்குது" என்று கூப்பிட்டேன். முதலில் என் கழுத்தைப் பார்த்தாள். பிறகுதான் வந்தாள்.